தெளிந்த வெள்ளம்

சேதம் சார் வீட்டுக் கதவில் யாரோ சேற்றை வாரி அடித்திருந்தார்கள். அது காய்ந்து, விரல் தடங்களோடு, கதவு முழுக்கக் கைகளாகத் தெரிந்தது. வெளியே வந்த பட்டாசுக்கு அந்தக் கைகளெல்லாம் தன் கழுத்தைத்தான் தேடுகின்றன என்று தோன்றியது.

பட்டாசு என்பது அத்தை வைத்த பெயர். வாய் ஓயாமல் வெடிப்பான் என்பதால் வைத்தது. ஆபத்து என்று வந்தால் அது நனைந்த பட்டாசு என்பதை அவள் வெளியில் சொல்வதில்லை. கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவனை, தலை முக்கால்வாசி வழுக்கையான பிறகு, "என்கூட வாடா, இங்க யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை" என்று சேர்த்துக்கொண்டாள். அத்தை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் துப்பறியும் பிரிவில் இருந்தவள். எரியாத கடைக்கு நஷ்ட ஈடு கேட்டவர்களையும், சாகாத அண்ணனுக்குச் சாவுப் பணம் கேட்டவர்களையும் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவள். இப்போது சொந்தமாகத் தொழில்.

தெருவின் எதிர்ப்பக்கம் ஆண்கள் நின்றிருந்தார்கள். சிலர் கையில் மண்வெட்டி இருந்தது. வயலுக்குப் போகிறவன் கையில் மண்வெட்டி இருப்பது இயற்கைதான். ஆனால் வயலெல்லாம் மூழ்கிப்போன ஊரில்?

ஆற்று வெள்ளம் வந்து போயிருந்தது. விளைச்சல் முழுக்கப் போய்விட்டது. அரசாங்கம் நிவாரணப் பணம் தருவதாக அறிவித்து, எந்த வயலில் எவ்வளவு சேதம் என்று பார்க்க ஒரு வேளாண்மை அதிகாரியை நியமித்தது. ஊரே அவரைச் சேதம் சார் என்றுதான் கூப்பிட்டது. வயல் வயலாக நடந்து முடித்துவிட்டார். இனி மாவட்டத் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருக்கும் கைரேகை மெஷினில் அவர் விரலை வைத்தால் பணம் கிளம்பிவிடும். இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் வைக்காவிட்டால் இந்த ஊரின் பங்கு வேறு ஊருக்குப் போகும்.

அந்த நேரம் பார்த்து மனிதரைக் காணவில்லை. லஞ்சத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஊர் சொன்னது.

பட்டாசு ஜீப்பில் ஏறிக் கதவைப் பூட்டினான். பூட்டியதா என்று மறுபடி இழுத்துப் பார்த்தான். "அத்தை, ஒரு சந்தேகம். மெஷினுக்கு வேண்டியது விரல்தானே? இவங்களுக்கு ஆளே கிடைச்சிட்டா, மீதி ஆள் எதுக்குன்னு நினைச்சிட மாட்டாங்களே?"

சொன்ன பிறகுதான் தன் ஜோக்கே அவன் முதுகில் சில்லென்று இறங்கியது. அத்தை சிரிக்கவில்லை.

"வண்டியை எடு. மெதுவாப் போ. வேகமாப் போனா பயந்துட்டோம்னு நினைப்பாங்க."

"நிஜத்தைத்தானே நினைப்பாங்க?"

ஜீப் விவசாயிகள் சங்கத் தலைவருடையது. அவர்தான் இவர்களை வரவழைத்தவர். வந்த அன்றே இவர்கள் கார் சேற்றில் இறங்கிப் படுத்துவிட, "என் வண்டியை வெச்சுக்கங்கம்மா. ஒரு பக்கம் லைட்டு மட்டும் எரியாது, மாடு முட்டிருச்சு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வெள்ளை ஜீப், முன்னால் சங்கக் கொடி. கொடியைப் பார்த்ததும் மண்வெட்டிக்காரர்கள் வழிவிட்டார்கள். பட்டாசு மனதுக்குள் தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

தெரு முனை தாண்டியதும் அத்தை கேட்டாள். "சேதம் சார் வீட்டம்மா என்னென்ன சொல்லி அழுதாங்க, சொல்லு பார்ப்போம்."

"புருஷன் குடை எடுத்துட்டுப் போகலையாம். நல்ல செருப்பை விட்டுட்டுப் போயிட்டாராம். வெறும் வயித்தோட கிளம்பினாராம். அப்புறம் அவங்க மாமியாரைப் பத்திக் கொஞ்சம். அதுக்கும் இந்தக் கேஸுக்கும் சம்பந்தமில்லைன்னு விட்டுட்டேன்."

"ஜன்னல்ல ஒரு மண்பானை இருந்ததே?"

"பானைக்குள்ள தண்ணி, தண்ணிக்குள்ள டப்பா, டப்பாக்குள்ள மருந்து பாட்டில். பக்கத்துல பஞ்சு, ஊசி. சர்க்கரைக்காரர் போல. கரண்ட் இல்லாததால ஃபிரிட்ஜுக்குப் பதில் பானை."

"குடைக்கு அழுதாங்க. செருப்புக்கு அழுதாங்க. ஊசி போடாம இருந்தா அந்த மனுஷன் இந்நேரம் மயங்கி விழுந்திருப்பார். அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாங்களா?"

பட்டாசு பிரேக்கை மிதித்தான்.

"ஏன் பேசலைன்னா," என்றாள் அத்தை, "அவருக்கு ஊசி கிடைக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஆள் உயிரோட இருக்கார். கரண்ட் இல்லாத இந்த ஊர்ல மருந்து கெடாம வைக்கிற இடம் எது?"

"மருந்துக்கடைல கேட்டேனே. ஃபிரிட்ஜ்ல துணி மடிச்சு வெச்சிருக்கார்."

"மனுஷங்க கடையை விடு. மாட்டுக்குத் தடுப்பூசி போடுறாங்களே, அந்த மருந்தை எங்க வைப்பாங்க?"

கால்நடை மருத்துவமனையின் கூரையில் சூரிய ஒளித் தகடு பளபளத்தது. பட்டாசு அதைப் பார்த்ததும் வண்டியைத் தானாகவே அந்தப் பக்கம் திருப்பினான்.

மருத்துவமனை ஊருக்கு வெளியே, ஆற்றுக்கரைச் சாலையில் தனியாக இருந்தது. சுவரில் மார்பளவுக்கு வெள்ளம் வந்துபோன பழுப்புக் கோடு. உள்ளே ஃபினாயிலும் சாணமும் கலந்த வாசனை. மாட்டைக் கட்டும் இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கன்றுக்குட்டி நின்று இவர்களையே பார்த்தது.

மாட்டு டாக்டரம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை கையுறை, கையில் பெரிய ஊசி. "டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்காங்க."

"நீங்கதானேம்மா டாக்டர்?" என்றான் பட்டாசு. அவன் கண் அந்த ஊசியை விட்டு நகரவில்லை.

"அப்ப நான் ரவுண்ட்ஸ் போகணும். நீங்க கிளம்புங்க."

அத்தை அவளைத் தாண்டி உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். மாட்டு மருந்துகள் வரிசையாக நின்றன. கடைசியில், குள்ளமாக, மனிதர்களுக்கான ஒரே ஒரு பாட்டில்.

"இது எந்த மாட்டுக்கு டாக்டர்?"

டாக்டரம்மா ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். "தயவு செஞ்சு போயிடுங்க. நீங்க யாருக்கு வேலை பார்க்கறீங்கன்னு எனக்குத் தெரியும்."

அப்போது பின்னறையில் ஏதோ உருண்டது. ஒரு இருமல். கதவிடுக்கில் ஒரு முகம். தாடி வளர்ந்து, கண்கள் குழி விழுந்து, வலது கை மணிக்கட்டிலிருந்து தோள் வரை மாட்டுக்குப் போடும் தடித்த மாவுக்கட்டில் இருந்தது. அதன் நுனியில் ஐந்து விரல்களும் பாவமாக நீட்டிக்கொண்டிருந்தன.

"ஓட முடியலை டாக்டர்," என்றார் சேதம் சார். "எவ்வளவு நாள்தான் மாட்டு ஆஸ்பத்திரில ஒளியறது? வந்தவங்க யாருன்னு கேட்டு..."

அவர் பார்வை ஜன்னல் வழியாக வெளியே போனது. நின்றது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"அந்த ஜீப்," என்றார். "அதுல ஏன் வந்தீங்க?"

"தலைவர் கொடுத்தார்," என்றான் பட்டாசு. "ஏன், நல்ல வண்டிதானே? ஒரு கண்ணுதான் போச்சு. மாடு முட்டி..."

"எந்த மாடு?" டாக்டரம்மா கேட்டாள். "இந்தப் பக்கம் வண்டியில அடிபட்ட எந்த மாடும் எங்கிட்ட வராமப் போகாது. ஒண்ணும் வரலை. இவர் காணாமப் போன அன்னிக்கு, விடிகாலைல அடிபட்டு வந்தது இவர் மட்டும்தான்."

"பின்னாலேருந்து இடிச்சாங்க," என்றார் சேதம் சார். "ஸ்கூட்டரோட வாய்க்கால்ல விழுந்தேன். தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே பார்த்தேன். ஒத்தை லைட்டோட அந்த வண்டி கரைமேல நின்னு, நான் மேல வரேனான்னு காத்துக்கிட்டிருந்துச்சு."

இத்தனை நாளும் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உள்ளங்கைகளைப் பட்டாசு சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"தலைவர் வயல்னால வந்த வினைதானே?" என்றாள் அத்தை, சேதம் சாரிடம்.

"உங்களுக்கு எப்படி..."

"காலைல தலைவர் தன் வயலைச் சுத்திக் காட்டினார். கதிர் வரைக்கும் தண்ணி. கண்ணைத் துடைச்சுக்கிட்டே காட்டினார். இவன்தான் என் காதுல சொன்னான்."

பட்டாசுக்கு நினைவு வந்தது. 'தலைவர் வீட்டு வெள்ளம்கூட வடிகட்டித்தான் வந்திருக்கு அத்தை, எவ்வளவு தெளிவா இருக்கு பாரு' என்று ஜோக்கடித்திருந்தான்.

"நின்ன தண்ணி தெளியும், தப்பில்லை," என்றாள் அத்தை. "ஆனா தெளிஞ்சா, அதுல இருந்த சேறு எங்கயாவது படியணுமே? மத்த வயல்ல ஒவ்வொரு தாளும் சேறு பூசி நிக்குது. அங்க கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். இலைமேல வண்டல் இல்லை. மோட்டார் கொட்டகைச் சுவர்ல ஈரக் கோடுகூட இல்லை. அது ஆத்துத் தண்ணி இல்லை. டீசல் இன்ஜின் வெச்சு போர் கிணத்துலேருந்து இறைச்ச தண்ணி."

"அவர் வயல் மேடு," என்றார் சேதம் சார். "வெள்ளம் ஏறவே இல்லை. அறுவடைக்கு நின்னது. நிவாரணத்துல சேர்க்க முடியாதுன்னு சொன்னேன். ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டுக் காட்டினார், மூழ்கியிருந்துச்சு. விளைஞ்ச கதிரை அவரே மூழ்கடிச்சிருக்கார்மா. அப்பவும் முடியாதுன்னேன்."

"தெரிஞ்சுமா அத்தை அவர் வண்டியில கூட்டிட்டு வந்தே?" பட்டாசுக்குக் குரல் கீச்சிட்டது.

"வயல் பொய்யின்னு தெரிஞ்சது. கொலை வரைக்கும் போவார்னு இப்பத்தான் தெரியுது. நம்மளை எதுக்குக் கூப்பிட்டார்னும் இப்பத்தான் புரியுது. இவர் எங்க இருக்கார்னு அவருக்குத் தெரியணும். அதுக்குத்தான் நாம."

போலீஸ் என்று ஆரம்பித்தான் பட்டாசு. ஸ்டேஷனில் இருப்பது தலைவரின் மச்சான் என்றாள் டாக்டரம்மா. போன் கோபுரம் வெள்ளத்தில் சாய்ந்தது இன்னும் நிமிரவில்லை. வெளியே போக இருக்கும் ஒரே பாலத்தில் தலைவர் ஆட்கள் நின்று எல்லா வண்டியையும் சோதிக்கிறார்கள்.

"எல்லா வண்டியையுமா?" அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அவர் வண்டியையுமா?"

ஜீப்பின் பின்பக்கம், காலித் தீவனச் சாக்குகளுக்கு அடியில் சேதம் சாரைப் படுக்கவைத்தார்கள். அத்தை நடு சீட்டில். பட்டாசு சாவியைப் போட முயன்றான். துவாரம் இங்கேயும் அங்கேயும் ஓடியது. அத்தை பின்னாலிருந்து கை நீட்டி அவன் தோளை அழுத்தினாள்.

"பேசிட்டே ஓட்டு. உனக்கு அது போதும்."

பாலத்தை ஒட்டி உடைந்த கரையை விவசாயிகள் மண் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகப் பெருங்கூட்டம். கொடியைப் பார்த்ததும் பாலத்து ஆட்கள் தடுப்புக் கம்பை உயர்த்தி வழிவிட்டார்கள். பட்டாசு மூச்சை விடப் போனான்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. வெள்ளைச் சட்டை, முழங்கால் வரை சேறு. தலைவர். அவரும் மண் சுமந்துகொண்டிருந்தார்.

"மாவட்ட ஆபீஸ் பக்கமாம்மா?" என்று சிரித்தபடி முன் கதவைத் திறந்து, பட்டாசுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "நானும் அங்கதான் கிளம்பணும். கெடுவைத் தள்ளிப் போடச் சொல்லிக் காலைப் பிடிச்சாவது கேட்கணும். ஏதாவது துப்பு கிடைச்சுதா?"

"டவுன்ல ஒருத்தரைப் பார்க்கணும்," என்றாள் அத்தை.

பட்டாசு கிளட்சை விட்டான். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது. ஜன்னல்களைச் சுற்றி முகங்கள் மொய்த்தன. "தலைவரே, அவன் கிடைச்சானா? கிடைச்சா எங்ககிட்ட விடுங்க!"

பின்னால், சாக்குக்கடியில், ஒரு தும்மல்.

பட்டாசு அடுத்த நொடியே தும்மினான். நிறுத்தாமல் தும்மினான். "தூசி தலைவரே, உங்க வண்டியில குடித்தனமே நடத்தலாம், அவ்வளவு மண்ணு." சொல்லும்போதே பின்னால் இரண்டாவது தும்மல் கேட்டது. இந்த முறை அவன் வாய் திறந்திருந்தது, பேசிக்கொண்டிருந்தது.

தலைவர் மெதுவாகத் திரும்பினார். அத்தையைப் பார்த்தார். அவளைத் தாண்டிச் சாக்குகளைப் பார்த்தார். அவர் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. அவர் கை கதவின் பிடிக்குப் போனது. ஒரு குரல் கொடுத்தால் போதும். வெளியே இத்தனை மண்வெட்டிகள்.

"கூப்பிடுங்க," என்றாள் அத்தை, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "வந்து இழுத்துப் போடட்டும். நான் ஒண்ணே ஒண்ணு சொல்வேன். தலைவர் வயல்ல இறங்கிக் கையை விட்டுப் பாருங்கன்னு. இவங்க விவசாயிங்க. எனக்கு ஒரு காலைப்பொழுது ஆச்சு. இவங்களுக்குத் தொட்டாலே தெரியும். அறுக்க வேண்டிய கதிரை நீங்களே தண்ணி விட்டுக் கொன்னீங்கன்னு தெரிஞ்சா, இவங்க முகத்தைப் பார்ப்பீங்களா?"

தலைவர் வெளியே பார்த்தார். ஒரு கிழவர் முன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அவரையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கும்பிட்டாள்.

பட்டாசு நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்பினான்.

"கண்ணாடியை ஏத்து," என்றார் தலைவர். அவன் ஏற்றினான். "ஓட்டு."

கூட்டம் விலகியது. சிலர் கும்பிட்டார்கள். தலைவர் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பாலம் முடிந்து சாலை வந்த பிறகும் அவர் கைகள் சேர்ந்தே இருந்தன.

"ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினவன் நான்," என்றார் திடீரென்று. "இந்த நிவாரணமே நான் வாங்கினது. எல்லார் பேரும் ஏறுது, என் பேர் இல்லை. 'தலைவருக்கென்ன, அவர் மேட்டுல இருக்கார்'னு ஒருத்தன் சிரிச்சான். மேடா இருந்தது என் தப்பா? அன்னிக்கு ராத்திரி இன்ஜினைப் போட்டேன். போட்ட பிறகு நிறுத்த முடியலை."

பட்டாசு இன்னும் வேகமாக ஓட்ட விரும்பினான். எந்தப் பள்ளத்தில் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பாரோ என்று சாலையோர வாய்க்காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

"அவரை மிரட்டச் சொன்னேன், அவ்வளவுதான். டிரைவர் பய அவசரப்பட்டு இடிச்சிட்டான். எனக்குத் தெரியாது."

சாக்குகள் அசைந்தன. "இடிச்சப்ப நீங்கதான் பக்கத்து சீட்ல இருந்தீங்க தலைவரே, தண்ணிக்குள்ளேருந்து பார்த்தேன்," என்றது உள்ளிருந்து ஒரு மெல்லிய குரல். "இப்ப உக்காந்திருக்கீங்களே, அதே சீட்."

வாய் ஓயாத பட்டாசு, அலுவலகம் வரும்வரை ஒரு சொல்லுக்கும் துணிவில்லாமல் ஓட்டினான்.

அலுவலகத்தின் இரும்புக் கதவை இழுக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். அத்தை சேதம் சாரைத் தாங்கிக்கொண்டு படியேறினாள். மாவுக்கட்டோடு அந்தக் கையை மெஷின்வரை கொண்டுபோகவே முடியாது. மெஷினைத்தான் தூக்கி விரலுக்குக் கொண்டு வந்தார்கள் என்று அத்தை பிறகு சொன்னாள்.

பட்டாசு ஜீப்பில், தலைவரோடு தனியாக. இறங்கி ஓட வேண்டும் என்று தோன்றியது. கால் கேட்கவில்லை. தலைவர் தன் முழங்காலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். இவர் பேசினாலும் பயம், பேசாவிட்டாலும் பயம்.

கடைசியில் சேதம் சார் படியிறங்கி வந்தார். பின்னால் அத்தை. அவளுக்கும் பின்னால், மாவட்ட அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும்.

தலைவர் கண்ணாடியை இறக்கினார். "எல்லாருக்கும் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"ஆத்தோரத்துல அந்தப் பொண்ணு, புருஷன் போன பொண்ணு, அதுக்கு? பட்டா அதும் பேர்ல இல்லைன்னு விட்டுடாதீங்க."

"போட்டேன் தலைவரே."

அவர் தலையசைத்தார். தன் பெயரைக் கேட்கவில்லை. போலீஸ்காரர் கதவைத் திறந்ததும், தானே இறங்கி நின்றார். இரண்டடி நடந்தவர் திரும்பினார். இந்த முறை அவர் பார்த்தது சேதம் சாரை, ஒரு விவசாயி வேளாண்மை அதிகாரியைப் பார்ப்பதுபோல.

"யாரையாவது அனுப்பி அந்த வரப்பை வெட்டி விடச் சொல்லுங்க சார். தண்ணி வடிஞ்சா, பாதியாவது தேறும்ல?"

சேதம் சார் இடது கையால் மாவுக்கட்டைத் தாங்கிக்கொண்டு, அவர் அருகே போனார்.

"தேறாது தலைவரே," என்றார் மெதுவாக. "கதிர்லயே முளை விட்டிருச்சு."